தொடாமல் செய்ய முடியாத வேலை

லண்டன்,
17.5.2020

அன்புள்ள அக்காவுக்கு,

கை கால் இயங்காதவர்கள் இந்தக் கொரோனா ஊரடங்கில் இங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். மார்ச் 23 முதல் எல்லோரும் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறவர் எப்படித் தள்ளி நிற்பார்?

இங்கே கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், ஏதாவது ஏஜென்சி மூலம் உதவிக்கு ஆள் அனுப்பும். வேண்டாமென்றால் பணத்தைக் கையில் கொடுத்துவிடும், நாமே ஆள் வைத்துக்கொள்ளலாம். யார் வருவது, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் நம் இஷ்டம். எனக்கு இதுதான் மரியாதையான ஏற்பாடாகப் படுகிறது. ஆனால் இப்போது அதிகம் தவிப்பதும் இவர்கள்தான். முகக்கவசமும் கையுறையும் பதிவுபெற்ற நிறுவனங்களுக்கே முதலில் போகின்றன. சொந்தமாக ஆள் வைத்திருப்பவருக்குப் பதிவு எண்ணே கிடையாதே! ஒரு நாளைக்கு நான்கு வேளை உதவி, கழிப்பறை வேலை முடிந்ததும் கையுறை மாற்ற வேண்டும் என்றால், வாரத்துக்கு ஐம்பது ஜோடிக்கு மேல் போய்விடும்.

மாட்டுவதைவிடக் கழற்றுவதில்தான் தப்பு நடக்கிறது. முதலில் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரித்துவிட்டுக் கை கழுவ வேண்டும். அடுத்தது ஏப்ரன். முகக்கவசம் கடைசி, அதுவும் காது நாடாவைப் பிடித்துத்தான். மறுபடி கை கழுவ வேண்டும். முகக்கவசத்தை முதலில் கழற்றினால் அழுக்குக் கையுறை நேரே மூக்குக்குப் போகும். மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டு வைத்த குழாயில் சளி உறிஞ்சும்போது நுண்துளிகள் காற்றில் பரவும் என்பதால் அதற்குச் சாதாரண முகக்கவசம் போதாது. முகத்தோடு இறுக்கமாக ஒட்டி நுண்துளிகளை வடிகட்டும் எஃப்எஃப்பி3 கவசம் வேண்டும், தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு ஒட்டாது.

உதவியாளருக்கு இருமல் வந்தால் ஏழு நாள் வீட்டில் இருக்க வேண்டும். அவர் வீட்டில் வேறு யாருக்காவது வந்தால் பதினான்கு நாள். சட்டப்படி கிடைக்கும் நோய்ப்படி வாரம் 95.85 பவுண்டு. லண்டன் வாடகைக்கு அது எந்த மூலைக்கு? இருமலை மறைத்துக்கொண்டு ஒருவர் வேலைக்கு வந்தால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மார்ச் கடைசியில் வந்த சட்டம், பராமரிப்புக் கடமைகள் சிலவற்றைத் தளர்த்திக்கொள்ளக் கவுன்சில்களுக்கு வழிவிட்டிருக்கிறது. வியாழன் இரவு எட்டு மணிக்கு மருத்துவ, பராமரிப்பு ஊழியர்களுக்கு நன்றி சொல்லும் கைதட்டல் மட்டும் தவறுவதில்லை.

விவரம் தெரிந்தவர்கள் உதவியாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு மற்றதைச் சந்திக்காதபடி நீண்ட ஷிப்டாக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு குழுவுக்குத் தொற்று வந்தாலும் மற்றது மிஞ்சும். திடீரென்று புது ஆள் வந்தால் பார்த்துச் செய்ய ஒரு தாளும் எழுதி வைக்கிறார்கள். தூக்கும் எந்திரத்தின் துணித் தொட்டிலில் தோளுக்கு எந்த நிற வளையம், காலுக்கு எது (மாறினால் ஆள் ஒரு பக்கம் சரிந்துவிடுவார்), சிறுநீர்ப் பையை எப்போது காலி செய்வது, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, சோறு எவ்வளவு குழைய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும்.

மாமாவுக்கும் அப்படி ஒரு தாள் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடு. அவருக்கு உதவ வருகிற அம்மா நன்றாக இருக்கும்போதே இன்னொருவரையும் பழக்கச் சொல்.

அன்புடன்,
தம்பி