தனி அலகு வேண்டாம், தாளுக்குள் இடம் கொடுங்கள்

கல்லூரிகளின் தத்துவப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

மேலைத் தத்துவ வரலாற்றுத் தாளை அடுத்த முறை திருத்த உட்காரும்போது, இடைக்காலப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல். வழக்கமான வரிசை உங்களுக்கே மனப்பாடம்: அகஸ்டின், போயித்தியஸ், அன்செல்ம், அபெலார், அக்வினாஸ், ஒக்காம். அங்கிருந்து ஒரே தாவலில் பேக்கன், தெகார்த். ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் ஒரே ஒரு பெண் தலைகாட்டுகிறாள். அவளும் மனுஷி இல்லை; சிறையில் கிடக்கும் போயித்தியஸுக்கு ஆறுதல் சொல்ல வரும் தத்துவம் என்னும் கற்பனை உருவம். தத்துவம் பெண்ணாக வரலாம், பெண் தத்துவத்தோடு வரக்கூடாது போலிருக்கிறது.

இதைச் சரிசெய்ய நினைக்கும் நல்லவர்கள் உடனே எடுக்கும் முடிவு எனக்குத் தெரியும். தாளின் கடைசியில் ‘பெண் சிந்தனையாளர்கள்’ என்று ஓர் அலகு, இலை ஓரத்து ஊறுகாய்போல. அதைத்தான் வேண்டாம் என்கிறேன். பருவம் முடிகிற நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது கடைசி அலகு என்பது பாடம் நடத்திய எவருக்கும் தெரியும். நடத்தினாலும் பெயர், ஊர், பிறப்பு, இறப்பு என்று குறிப்பெடுப்பதோடு முடிந்துவிடும். இந்தப் பெண்கள் யாரோ ஒருவரோடு, ஏதோ ஒரு கருத்தோடு மல்லுக்கட்டியவர்கள். எதிராளியிடமிருந்து பிரித்துத் தனியே உட்காரவைத்தால் அவர்கள் சொன்னதில் பாதி புரியாது.

அபெலாரையே எடுத்துக்கொள்வோம். செயலைவிட அதன் உள்நோக்கமே பாவ புண்ணியத்தைத் தீர்மானிக்கிறது என்ற அவருடைய அறவியலை நாம் கற்பிக்கிறோம். அந்த நூல் 1130களின் இறுதியில் எழுந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஒருகாலத்தில் அவருடைய காதலியாகவும் மனைவியாகவும் இருந்து, பிறகு பாராக்கிளீட் மடத்தின் தலைவியான எலொயீஸ் அவருக்கு எழுதிய முதல் கடிதத்தில், தான் முழுக்கக் குற்றவாளி, ஆனாலும் முழுக்கக் குற்றமற்றவள் என்கிறார். குற்றத்தை உண்டாக்குவது நடந்த செயலன்று, செய்தவரின் மனநிலை என்பது அவர் தரும் காரணம். சரி, காதலி தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன சமாதானம் என்று ஒதுக்கிவிடலாமா? அடுத்த கடிதத்தைப் படித்தால் முடியாது. அங்கே அதே அளவுகோலைத் தன் மேலேயே திருப்புகிறார். ஊரார் என் கற்பைப் புகழ்கிறார்கள்; வழிபாட்டு நேரத்தில்கூடப் பழைய இன்பங்களின் நினைவு என்னை விடுவதில்லை; மனம் வருந்தவும் முடியவில்லை; அப்படியிருக்க இந்த ஒழுக்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கிறார். உள்நோக்கம்தான் எல்லாம் என்றால், குற்றம் போகிற வழியிலேயே புண்ணியமும் போய்விடுகிறது. அபெலாரின் கோட்பாட்டுக்கு இதைவிடக் கடுமையான சோதனையை எந்தப் பாடநூல் வினாவிலும் நான் பார்த்ததில்லை. நம் நூல்களோ எலொயீஸைக் காதல் கதையாக ஒரு வரியில் முடித்துவிட்டு, பொதுமைகள் (‘மனிதன்’ போன்ற பொதுச்சொற்கள் எதைக் குறிக்கின்றன) பற்றிய விவாதத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. இந்தக் கடிதங்களை அபெலாரே எழுதிக்கொண்டார் என்று வாதிட்ட ஆய்வாளர்கள் உண்டு. அந்தச் சர்ச்சையையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். ஒருவர் எழுதியதை நம்புவதற்கு எவ்வளவு சாட்சி கேட்கிறோம் என்பதும் பாடம்தான்.

அகஸ்டின் பாடத்துக்கு வருவோம். ஆதாமும் ஏவாளும் பாலில் வேறுபட்டாலும் செருக்கில் சமமாகவே பாவம் செய்தார்கள் என்பது அவர் கருத்து. இத்தாலியின் வெரோனா நகரத்து அறிஞர் இசோட்டா நொகரோலா 1451 வாக்கில் இந்தக் கருத்தை வைத்தே, வெனிஸ் பிரபு லுடோவிகோ ஃபொஸ்காரினியோடு ஓர் உரையாடல் எழுதினார். யார் பாவம் பெரிது என்பது கேள்வி. நொகரோலாவின் முதல் காய் நகர்த்தலைப் பாருங்கள். ஏவாள் இயல்பிலேயே அறிவிலும் உறுதியிலும் குறைந்தவள் என்கிறீர்கள்; வைத்துக்கொள்வோம். குறைவாகக் கொடுக்கப்பட்டவளிடம் நிறைவாக எப்படிக் கேட்பீர்கள்? நிறைவாகப் படைக்கப்பட்டவன் ஆதாம்; கட்டளை கொடுக்கப்பட்டதும் அவனிடம்; ஆகவே பெரிய பாவம் அவனுடையது. ஃபொஸ்காரினி விடவில்லை. அறியாமை செருக்கிலிருந்து பிறந்தது என்றால் அது மன்னிப்பைத் தராது, ஏவாள் தன்னோடு ஆதாமையும் விழவைத்தாள் என்று மறுக்கிறார்.

நொகரோலாவின் வாதத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஏவாளைக் காப்பாற்ற, பெண் பலவீனமானவள் என்ற முற்கோளை அவர் கையில் எடுக்கிறார். எதிராளியின் கத்தியாலேயே குத்துகிறாரா, அதே கத்தியில் தன் கையையும் அறுத்துக்கொள்கிறாரா? எனக்கு இரண்டாவது பக்கம் சாய்வு அதிகம். மாணவர்கள் என்னோடு சண்டைக்கு வரட்டும், அதற்குத்தானே வகுப்பு. இதை எழுதியவர் இருபது வயதையொட்டி எதையெல்லாம் கேட்டார் என்பதும் தெரிய வேண்டும். நாவன்மை உள்ள பெண் ஒருபோதும் கற்புடையவள் அல்லள் என்று பெயர் சொல்லாத ஒருவர் எழுதி, உடன்பிறந்தவனோடேயே அவரைச் சேர்த்துப் பழி பரப்பினார்.

இனி உங்களில் சிலர் எழுப்பக்கூடிய மறுப்பு: இவையெல்லாம் கடிதம், உரையாடல், தியானம், தத்துவ நூல்கள் அல்லவே! ஐயா, அம்மா, அன்செல்மின் கடவுள் நிரூபணம் ஒரு பிரார்த்தனைக்குள் இருக்கிறது. அகஸ்டினின் காலம் பற்றிய புகழ்பெற்ற ஆராய்ச்சி கடவுளிடம் பேசும் பேச்சு. செனெக்கா கடிதம் எழுதினார், பிளேட்டோ உரையாடல் எழுதினார். ஆண் எழுதினால் வடிவம், பெண் எழுதினால் குறைபாடா? பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்கு மூடியிருந்த காலத்தில், பல்கலைக்கழக விவாத வடிவத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

மார்கரீத் பொரேத்தும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்தான். அவர் பிரெஞ்சில் எழுதிய எளிய ஆன்மாக்களின் கண்ணாடி என்ற நூலில் அன்பும் பகுத்தறிவும் ஆன்மாவும் பாத்திரங்களாகப் பேசுகின்றன; ஆன்மா சொல்வதைத் தாங்கமாட்டாமல் பகுத்தறிவு நடுவிலேயே செத்து விழுகிறது. அன்பில் கரைந்த ஆன்மா நற்பண்புகளிடமும் விடைபெற்றுக்கொள்கிறது என்ற கருத்துதான் வினையாகியது. பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர் 21 பேர் அந்த நூலிலிருந்து எடுத்த வரிகளைப் பார்த்துத் தவறு என்றார்கள். விசாரணையில் சத்தியம் செய்யவும் பதில் சொல்லவும் மறுத்தவரை 1310 ஜூன் 1 அன்று பாரிஸில் எரித்தார்கள். நூல் மட்டும் பெயர் இல்லாமல் லத்தீனிலும் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் உலவியது. அது அவருடையது என்பதை 1946இல் ரொமானா குவார்னியேரி என்ற ஆய்வாளர் கண்டறியும்வரை, பக்திமான்கள் அதை யாரோ ஒரு துறவி எழுதியதாக நினைத்து நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சில் வாழ்ந்த எழுத்தாளர் கிறிஸ்தீன் த பிசானை நம்மவர்கள் ஓரளவு அறிவார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1405இல் எழுதிய பெண்களின் நகரம் நூலை அவர் எதை எப்படி அறிகிறோம் என்ற அறிவுத்தோற்றக் கேள்வியோடு தொடங்குகிறார். இத்தனை அறிஞர்கள் பெண்ணை இழிவாக எழுதியிருக்கிறார்கள், என் அனுபவமோ வேறு சொல்கிறது, எதை நம்புவது? முதலில் அறிஞர்களை நம்பித் தன்னையே வெறுக்கிறார். அப்போது பகுத்தறிவு பெண்ணுருவில் வந்து, அந்தத் தத்துவ மேதைகளே ஒருவரை ஒருவர் மறுத்திருக்கிறார்களே என்று நினைவூட்டுகிறது. பிறர் சான்று, சொந்த அனுபவம் இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்ற பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாயில் வேண்டுமா?

இடமில்லை என்று சொல்லாதீர்கள். கடவுள் இருப்பதை நிறுவ அக்வினாஸ் தரும் ஐந்து வழிகளைச் சமயத் தத்துவத் தாளிலும் சொல்லிக்கொடுக்கிறோம். ஓர் இடத்தில் குறைத்தால் போதும். தமிழில் மூலப்பகுதி இல்லை என்பது உண்மையான இடர்தான். எலொயீஸின் முதல் இரண்டு கடிதங்கள், நொகரோலாவின் உரையாடல், கிறிஸ்தீன் நூலின் தொடக்கம் ஆகியவற்றை ஏதேனும் ஒரு துறை பொறுப்பேற்று மொழிபெயர்த்தால் மெல்லிய புத்தகம் ஒன்று ஆகும். அதுவரை ஆங்கிலப் பதிப்புகளைப் பார்வை நூல்களில் சேருங்கள்.

வினாத்தாளில் வராத எதையும் மாணவர் படிக்கமாட்டார் என்பதால், மாதிரிக்கு ஒரு வினாவையும் அகஸ்டின் பகுதிக்காக இத்துடன் வைக்கிறேன்:

‘ஏவாள் இயல்பிலேயே குறைவுடையவள் என்பதை ஏற்றுக்கொண்டே அவளுடைய குற்றத்தைக் குறைக்கிறார் நொகரோலா. இந்த வாதத்துக்கு ஃபொஸ்காரினி தரும் மறுப்பு நிற்குமா? அகஸ்டினின் கருத்தோடு ஒப்பிட்டு ஆராய்க. (10 மதிப்பெண்)’

இப்படிக்கு,
தத்துவ வகுப்புகள் எடுத்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர்