டி.எஸ்.பி. பாடத்தைக் கணினித் திரையிலிருந்து மின்னணுப் போர்டுக்குக் கொண்டுவர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டுப் பகுதியில் பொறியியலும் பாலிடெக்னிக்கும் படிக்கும் மின்னணுவியல் மாணவர்களுக்கு டிஜிட்டல் சிக்னல் பிராசசிங் (டி.எஸ்.பி.) பாடம், அதாவது ஒலி போன்ற சிக்னல்களை எண்களாக்கிக் கணக்கிட்டு மாற்றும் பாடம், இப்போது கற்பிக்கப்படும் முறையைப் பற்றி, அந்தத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவன் என்ற முறையில் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன். என்னிடம் சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்கள். இதற்கு அடிப்படையான இசட் டிரான்ஸ்ஃபார்ம் என்ற கணித முறை தெரிகிறது. ஒலியில் வேண்டாத பகுதியை வடிகட்டும் ஃபில்டருக்கான கெழுக்களை (பெருக்கும் எண்களை) மாட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் கண்டுபிடித்து வரைபடமும் எடுத்துவிடுகிறார்கள். அதே ஃபில்டரை போர்டில் உள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கணினிச் சில்லில் ஏற்றி, மைக்கில் பேசும் குரல் அதன் வழியே போய் ஹெட்ஃபோனில் உடனே கேட்கும்படி செய்யச் சொன்னால் திகைத்து நிற்கிறார்கள். இதில் அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணினித் திரையில் மட்டுமே படிக்கிறவருக்குக் காலக்கெடு என்ற ஒன்று கண்ணில் படுவதே இல்லை.

பதிவுசெய்து வைத்த ஒலிக் கோப்பை ஃபில்டர் செய்ய மூன்று நொடி ஆனாலும் மூன்று நிமிடம் ஆனாலும் விடை ஒன்றுதான். மைக்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும் ஒலி அப்படிக் காத்திருக்காது. ஒலியின் அளவை நொடிக்கு 48,000 முறை அளந்து மாதிரிகள் எடுத்தால், ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையே கிடைப்பது ஏறத்தாழ 20.8 மைக்ரோ நொடி. 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலருக்கு அது 3,500 கடிகாரச் சுழற்சிகள். ஆயிரம் கெழுக்கள் கொண்ட எஃப்.ஐ.ஆர். ஃபில்டர் (அண்மை மாதிரிகளைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டும் வகை) என்றால், ஒவ்வொரு பெருக்கலுக்கும் நினைவகத்திலிருந்து எண்களை எடுத்துவரும் வேலையும் சேர்வதால், அந்த 3,500-இல் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். கணக்கின்படி சரியான விடையே ஆனாலும் கெடு கடந்து வந்தால் அது தவறான விடைதான். காதில் அது 'டப்' என்ற வெடிப்பாக விழும்.

இதனால்தான் மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கையாளாமல், 48 மாதிரிகளை ஒரு தொகுதியாகச் சேர்த்து ஒரு மில்லி நொடிக்கு ஒருமுறை செயலாக்குகிறோம். செயலியின் உதவியின்றித் தரவை நினைவகத்துக்கு நகர்த்தும் டி.எம்.ஏ. என்னும் வன்பொருள், பஃபர் எனப்படும் தற்காலிக நினைவிடம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, முன்பே நிரம்பிய மற்றொரு பஃபரில் நிரல் தன் வேலையை முடித்தாக வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு கூடத்தில் பந்தி நடக்கும்போதே அடுத்த கூடத்தில் இலை போட்டுப் பரிமாறி முடிப்பதைப் போன்றது இது. தொகுதியைப் பெரிதாக்கினால் நிரலுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். ஆனால் தாமதம் கூடும். 1,024 மாதிரிகள் கொண்ட தொகுதி என்றால் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்குமாக 40 மில்லி நொடிக்கு மேல் ஆகிவிடுகிறது. தம் குரலை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே பாடுகிறவருக்கு அது நன்றாகவே உறுத்தும்.

போர்டில் வேலை செய்யும்போது எதிர்ப்படும் சிக்கல்கள் பாடப்புத்தகத்தில் எங்கும் இல்லை என்பதே என் முக்கியமான கவலை. புதிய மாதிரி வந்ததும் செயலி மற்ற வேலையை நிறுத்திவிட்டு ஓட்டும் இன்டரப்ட் நடைமுறைக்குள் ஒரு மாணவர் பிழை தேடுவதற்காக ஒரு பிரிண்ட் கட்டளையைப் போடுகிறார். 115200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்) வேகத்தில் கணினிக்கு ஓர் எழுத்தை அனுப்பவே ஏறத்தாழ 87 மைக்ரோ நொடி ஆகிறது. அதற்குள் நான்கு மாதிரிகள் கடந்துவிடுகின்றன. பிழையைத் தேடப் போட்ட வரியே புதிய பிழையாகிவிடுகிறது. இன்னொருவர் சி மொழியில் 0.5 என்று எழுதுகிறார். இத்தகைய சில்லுகளில் உள்ள கார்டெக்ஸ் எம்4 என்ற செயலி மையத்தின் மிதவைப் புள்ளி அலகு (தசம எண்களைக் கணக்கிடும் பகுதி) 32 பிட் எண்களுக்கு மட்டுமே ஆனது, 0.5 என்பதை சி மொழி 64 பிட் எண்ணாக எடுத்துக்கொள்வதால், அந்தப் பெருக்கல் முழுவதும் மென்பொருள் வழியே மெதுவாக நடக்கிறது. எண்ணின் பின்னால் எஃப் என்ற ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும். 16 பிட் முழு எண்ணில் 32,767-ஐத் தாண்டினால் மதிப்பு -32,768-க்குப் புரண்டுவிடும் என்பதையும் கையால் எழுதிப் படிப்பதைவிட, உரக்கப் பேசும்போது குரல் கரகரத்து உடைவதைக் கேட்டுப் புரிந்துகொள்வது நல்லது.

இவற்றையெல்லாம் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. செயலாக்கம் தொடங்கும்போது போர்டின் ஒரு பின்னை (இணைப்புக் கம்பியை) உயர்நிலைக்கும், முடியும்போது தாழ்நிலைக்கும் மாற்றும் இரண்டு வரிகளை எழுதி, அந்தப் பின்னில் மின்னழுத்த மாற்றத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோபை வைத்துப் பார்த்தால், ஒரு மில்லி நொடியில் எவ்வளவு நேரம் செலவாகிறது என்பது திரையில் துடிப்பின் அகலமாகத் தெரியும். 0.7 மில்லி நொடி அகலம் இருந்தால் இன்னும் முப்பது விழுக்காடு கைவசம் இருக்கிறது. ஒரு கெழுவைக் கூட்டினால் அகலம் எவ்வளவு விரிகிறது என்பதைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு, நிரலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு விலை உண்டு என்பதை வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சிக்கான பொருளும் நம் ஊரிலேயே இருக்கிறது. காரைக்குடிச் சகோதரர்களின் வீணையால் பெயர் பெற்ற ஊர் இது. வீணையின் சுருதியைக் காட்டும் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லலாம். 1965-இல் கூலியும் டியூக்கியும் வெளியிட்ட, ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் உள்ளன என்று பிரித்துக் காட்டும் எஃப்.எஃப்.டி. முறையை மாணவர் உடனே கையில் எடுப்பார். 48,000 மாதிரி வேகத்தில் 1,024 புள்ளி எஃப்.எஃப்.டி.யின் ஒரு கட்டம் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் அகலம். 150 ஹெர்ட்ஸில் உள்ள ஸட்ஜத்துக்கும் அதை அடுத்த சுத்த ரிஷபத்துக்கும் உள்ள இடைவெளியோ 9 அல்லது 10 ஹெர்ட்ஸ்தான். ஸட்ஜத்தையும் ரிஷபத்தையும் அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. ஒரு ஹெர்ட்ஸ் நுட்பம் வேண்டுமென்றால் ஒரு நொடி ஒலியைச் சேர்க்க வேண்டும். அதற்குள் வாசிப்பவர் அடுத்த ஸ்வரத்துக்குப் போய்விடுவார். அங்கிருந்துதான் மாணவர் மாதிரி வேகத்தைக் குறைப்பது, ஒலியை நேரம் தள்ளிய அதன் நகலோடு ஒப்பிடும் தன்னொட்டுறவு முறையைக் கையாள்வது ஆகியவற்றை நோக்கித் தாமாகவே நகர்வார். கோயில் விழாக்களில் மைக் ஊளையிடுவதைக் கண்டறிந்து அடக்கும் ஃபில்டரும் இதைப் போலவே நல்ல பயிற்சிதான்.

செலவைக் காரணம் காட்டுவதற்கு இப்போது இடமில்லை. 1980-களில் இதற்கென்றே தனிச் சில்லுகள் வேண்டியிருந்தன. இன்று கார்டெக்ஸ் எம்4 மையம் கொண்ட போர்டு, டிஜிட்டல் மைக், எண்களை ஹெட்ஃபோனுக்கான ஒலிச் சிக்னலாக்கும் மாற்றி ஆகியவற்றை ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். அதைவிடப் பெருந்தொகை கொடுத்து இறுதியாண்டு புராஜெக்டை ஆயத்தமாக வெளியூரில் வாங்கி வரும் வழக்கத்தைப் பார்க்கையில் எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1950-களின் தொடக்கத்திலேயே பொறியியல் கல்லூரியும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் அமைந்த ஊர் இது. இங்குள்ள கல்லூரிகள் டி.எஸ்.பி. செய்முறைத் தேர்வில் பாதி மதிப்பெண்ணையாவது போர்டில் ஓடும் நிரலுக்கு ஒதுக்க வேண்டும். அச்சிட்ட வரைபடத்துக்குப் பதிலாக ஆஸிலோஸ்கோப்பில் அளந்த நேரத்தை விடைத்தாளில் கேட்க வேண்டும். வாரத்தில் ஒரு மாலை ஆய்வகத்தைத் திறந்து வைத்தால், என்னைப் போல் ஓய்வுபெற்று ஊரில் இருப்பவர்கள் ஊதியம் எதிர்பாராமல் வந்து மாணவர்களோடு உட்காரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளர்,
காரைக்குடி.