கடல்நீர் மாதிரியைத் திருகோணமலையிலேயே பரிசோதிக்க வழி வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகங்களும் தேசிய ஆய்வு நிறுவனங்களும் கூட்டு ஆய்வுக்காக உடன்படிக்கை செய்வதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்த ஆய்வு எந்த ஊரில் நடக்கும் என்பதையும் உடன்படிக்கையிலேயே எழுத வேண்டும் என்று, கடற்றொழிலாளி என்ற முறையிலும் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் தகப்பன் என்ற முறையிலும் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த மாரியில் மகாவலி பெருகி, கொட்டியார்க் குடா கலங்கிக் கிடந்த நாளொன்றில், இறுதியாண்டு ஆய்வுக்கு நீர் எடுக்க வேண்டுமென்ற மகளை என் படகிலேயே மூதூர்ப் பக்கம் கூட்டிச் சென்றேன். கரைந்துள்ள ஒட்சிசனை அளப்பதற்கான போத்தல்களில் அவள் படகில் வைத்தே மருந்து விட்டாள். மஞ்சளும் கபிலமுமாக ஒரு படிவு மெல்ல அடியில் இறங்கியது. கிருமிப் பரிசோதனைக்கான நீரை ஐஸ் நிரப்பிய றெஜிபோம் பெட்டியில் அடுக்கினோம். குளிரில் வைத்தாலும் அதை ஒரு நாளுக்குள் பரிசோதித்துவிட வேண்டுமாம். அதைப் பரிசோதிக்கக் கொடுப்பதற்காக அன்றிரவே கொழும்புக்குப் புறப்பட்டோம். வழியில் பஸ் பழுதாகி, மறுநாள் பிற்பகல் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் முழுவதும் தண்ணீராகியிருந்தது. அந்தப் போத்தல்களை அவள் தன் கையாலேயே ஊற்றிவிட்டதைப் பார்த்து நின்றது இன்றும் மனதை வருத்துகிறது.

நாரா என்று நாம் அழைக்கும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது. அதன் தலைமையகம் கொழும்பு மட்டக்குளியில் உள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமோ நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கடலுக்குக் கிட்டவே இருக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, வயல்களின் உரத்தையும் நாசினியையும் சுமந்து வந்து கலக்கும் குடாவும், 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் முருகைக்கற்பாறைகளும் அந்த வளாகத்திலிருந்து எட்டிவிடும் தூரத்தில்தான் உள்ளன. இத்தகைய இரு நிறுவனங்கள் வளாகத்துக்குள் சிறியதொரு கூட்டு ஆய்வுகூடத்தை நடத்தினால், மாதிரி எடுத்த அன்றே பரிசோதனையைத் தொடங்கிவிடலாம். அமெரிக்காவின் பெர்க்லி தேசிய ஆய்வுகூடம் 1931இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இன்றும் அந்தப் பல்கலைக்கழகமே அதை நிர்வகிக்கிறது. பேராசிரியர்கள் பலர் இரண்டு இடத்திலும் பொறுப்பு வகிக்கிறார்கள். நமக்கு அந்த அளவு பெரிய கட்டடம் தேவையில்லை. இரண்டு இடத்துக்கும் பொறுப்பான ஆய்வாளர் ஒருவர் இங்கே தங்கியிருந்தாலே மாணவர்களுக்குப் பெரிய துணை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் படகில், எங்கள் எண்ணெய்ச் செலவில் எடுத்த நீரின் முடிவுகள் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தமிழில் வந்து சேர்வதில்லை. அறிக்கையின் பிரதியொன்றைச் சங்கத்துக்குத் தருவதையும் உடன்படிக்கையின் நிபந்தனையாக்க வேண்டும்.

முதற்கட்டமாக ஒரு குளிரூட்டி, கிருமி வளர்க்கும் பெட்டி, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஆகிய மூன்றையும் அடுத்த வாடைக்காற்றுக்கு முன் ஏற்பாடு செய்து தருமாறு இரு தரப்பினரையும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளி ஒருவர்,
சாம்பல்தீவு, திருகோணமலை.