பேட்டரியின் உண்மை நிலையை வண்டிக்காரரிடம் சொல்லுங்கள்

மின்சாரக் கார், ஹைபிரிட் கார் தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம்.

"இவ்வளவு விலை கொடுத்தால் கட்டுப்படியாகுமா?" இந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பாதிக் கணக்கை யாரும் போட்டுவிடலாம். பெட்ரோல் வண்டியைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை, கிலோமீட்டருக்கு மிச்சமாகும் செலவால் வகுத்தால் போதும். நடுத்தர மின்சாரக் காருக்கு 100 கிலோமீட்டருக்கு 15 முதல் 18 யூனிட் வைத்துக்கொள்ளலாம். சார்ஜ் ஏறும்போது வீணாவதற்கு இன்னொரு 10 சதவீதம். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் என்றால், நெரிசலில் நின்று நின்று ஓட்டுபவருக்குப் போட்ட பணம் சீக்கிரம் திரும்பும்; பிரேக் மிதிக்கும்போது வீணாகும் விசையை அது மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கும். நெடுஞ்சாலையில் பிரேக் மிதிப்பதே குறைவு என்பதால் மிச்சமும் குறைவு.

மறுபாதிக் கணக்கு பேட்டரியின் ஆரோக்கியம். புதிதாக இருந்தபோது தாங்கியதில் இன்று எத்தனை சதவீதம் மிச்சம் என்ற எண் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. உங்களில் பலர் அதை உங்கள் சொந்த ஸ்கேனருக்கு (பழுதறியும் கருவிக்கு) மட்டுமே காட்டுகிறீர்கள். திரையில் தெரியும் மீதித் தூரம் அந்த எண் அல்ல. அண்மையில் ஓட்டிய விதத்தையும் தட்பவெப்பத்தையும் வைத்துப் போடும் ஊகம். 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டருக்குள் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவதாகப் பலர் வாரண்டி தருகிறீர்கள். 70-க்குக் கீழே போனது வண்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? பழைய வண்டி வாங்குபவர் எதை நம்பி விலை பேசுவார்? அந்த எண்ணை அவர் கண்ணில் காட்டுங்கள்.

அடுத்தது, பழுது. டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸின் இரண்டாம் தலைமுறை பேட்டரியில், ஆறு செல்கள் அடங்கிய 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்திருக்கும். பின்சீட்டுப் பக்கத்துக் காற்றுத் துவாரத்தில் தூசி அடைத்தால் நடுவிலுள்ள மாட்யூல்கள்தான் முதலில் சூடேறிக் கெடும். மின்சாரத்தை இழுக்கவிட்டு (லோடு கொடுத்து) அளந்தால் மற்றவை 7.5 வோல்ட்டைத் தாண்டி நிற்க, ஒன்று மட்டும் 6.3 வோல்ட்டுக்குச் சரியும். அதன் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது வண்டியின் கணினியில் பி0ஏ80 என்ற பழுதுக் குறியீடு விழும். இது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு; அதன் பொருளே 'பேட்டரித் தொகுப்பை மாற்று' என்பதுதான். ஒரு செல்லுக்காக 28 மாட்யூல்களுக்கும் பணம் கட்டச் சொல்வது எந்த வகையில் நியாயம்? ஓடி ஓடி மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரே பில்லில் கரைந்துவிடுகிறது.

ஒரு மாட்யூலை மட்டும் மாற்றினால் அடுத்தது கெடும் என்பீர்கள். உண்மைதான், கொள்ளளவு பொருந்தாத பழைய மாட்யூலைச் செருகினால் சில மாதங்களில் வண்டி திரும்பி வரும். பொருத்தம் பார்த்த மாட்யூலை நீங்களே விற்றால் அந்தப் பிரச்சினை இல்லை. மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகளின் களிம்பைச் சுரண்டி, விசிறியைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டுவந்து பூட்டினால் பேட்டரி மறுபடி உழைக்கும். பாதுகாப்புக் கருதித்தான் தருவதில்லை என்றால், உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் சுழியம் பார்த்த பிறகே கைவைக்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள்.

பேட்டரியோடு இது நிற்கவில்லை. சின்ன 12 வோல்ட் பேட்டரி இறங்கினால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் அதை வண்டியோடு இணைக்கும் ரிலே (மின்சுவிட்ச்) மூடாது, வண்டி எழும்பாது. சில மாடல்களில் அந்தச் சின்ன பேட்டரியை மாற்றியதைப் பதிவு செய்யக்கூட உங்கள் மென்பொருள்தான் வேண்டும். சொந்தக்காரர் பணம் கொடுத்து வாங்கிய வண்டி ஐயா அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வண்டிகளின் பேட்டரிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அதன் விவரங்கள் அடங்கிய மின்னணு ஆவணம், கட்டாயம். அங்கே சட்டத்துக்காகச் செய்யப்போவதை எல்லா நாட்டு வாடிக்கையாளருக்கும் நீங்களாகவே செய்யலாம். ஆரோக்கிய எண்ணைத் திரையில் காட்டுங்கள், விற்கும்போது அச்சிட்டுக் கொடுக்க வழி செய்யுங்கள், மாட்யூலைத் தனி உதிரிபாகமாக விலைப்பட்டியலில் சேருங்கள். அடுத்த மென்பொருள் அப்டேட்டிலேயே அந்த எண்ணைத் திறந்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகள்