பரண் மேல் ஏறிய கணக்கர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குறைந்த செலவில் எடுத்த வெளிநாட்டுக் குற்றப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், பிரிட்டிஷ் இயக்குநர் டேனி பாய்லின் முதல் திரைப்படமான 'ஷாலோ கிரேவ்' படத்துக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்தது. அதிலும் ஒரு பிழை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நிஜமான ஒரு வீட்டில் எடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கதை நடப்பதுதான் எடின்பரோ. வீடு, கிளாஸ்கோவில் போட்ட செட். 1994இல் வெளிவந்த இந்தப் படத்துக்குச் செலவு சுமார் 10 லட்சம் பவுண்டு, 30 நாள் படப்பிடிப்பு. பிலிம் வாங்கக் காசு போதாமல் செட்டில் இருந்த சாமான்களை ஏலம் விட்டார்களாம். ஆனாலும் அந்த வீட்டில் மட்டும் கஞ்சத்தனம் தெரியாது.

சரி, அது சின்ன விஷயம். பேராசையின் கதை என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. நான் முப்பது வருஷம் ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டியவன். படத்தில் வரும் டேவிட்டும் கணக்கர்தான். அதே வீட்டில் கூடக் குடியிருப்பவர்கள் டாக்டர் ஜூலியட், நிருபர் அலெக்ஸ். புதிதாகக் குடிவந்தவன் ஒரு பெட்டி நிறையப் பணத்தை விட்டுவிட்டுச் செத்துப்போகிறான். பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ள மூவரும் முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிணத்தை அடையாளம் தெரியாமல் அறுத்துப் புதைக்க வேண்டும். யார் அறுப்பது? டாக்டர் பக்கத்திலேயே நிற்க, சீட்டு விழுவது என்னவோ டேவிட்டுக்கு.

வேலை முடிந்த பிறகு மற்ற இருவரும் கடைக்குப் போய் 500 பவுண்டுக்கு ஒரு வீடியோ கேமரா வாங்கி வந்து கூத்தடிக்கிறார்கள். இதன் விலை அவ்வளவுதான் என்கிறார்கள். டேவிட் ஒத்துக்கொள்வதில்லை: அது நீங்கள் கொடுத்த தொகை, நமக்கு அது என்ன விலையில் போய் முடியும் என்பது இனிமேல்தான் தெரியும் என்கிறான். எங்கள் தொழிலில் ஊறியவன் பேச்சு! துரோகம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்பேன். கத்தி பிறகுதான் வருகிறது. அசிங்கமான வேலையை ஒருவன் தலையில் கட்டிவிட்டு, காசை மட்டும் பொதுவில் வைத்தால் கணக்கு எப்படி நேராகும்?

அப்புறம் அவன் பணத்தோடு பரண் மேல் குடியேறிவிடுகிறான். கீழே இருப்பவர்களைக் கண்காணிக்கக் கூரையில் துளை துளையாகப் போடுகிறான். இருட்டுப் பரணில் ஒவ்வொரு துளை வழியாகவும் கீழேயிருந்து வெளிச்சம் குச்சி குச்சியாக மேலே வரும். துளை போடுவதற்கு என்ன பெரிய செலவு? படம் பார்த்த அன்று ராத்திரி எங்கள் வீட்டுப் பரணை நான் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

கடைசியில் பெட்டி யார் கைக்குப் போகிறது, அதில் என்ன இருக்கிறது என்பதை இங்கே எழுத மாட்டேன். உங்கள் கட்டுரையில் அதையும் போட்டு உடைத்துவிட்டீர்கள். வாரக் கடைசியில் பார்க்கலாம் என்றிருந்த என் மாப்பிள்ளை இன்னும் கோபமாக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர்,
திருச்சி.