ஷ்பையருக்கு ஒரு மணி நேரம் போதாது

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். கொலோனுக்கு இரண்டு நாள், ஹைடெல்பெர்க்குக்கு ஒரு நாள், ஜெர்மனியின் ஷ்பையர் ஊர்ப் பேராலயத்துக்கு மட்டும் போகிற வழியில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறாய். அதை மாற்றச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். உள்ளே ஒரு சுற்று, நாலு போட்டோ, அடுத்த ரயில். ஆலயத்துக்கு அடியில் இருக்கும் நிலவறைக்குள் இறங்கவே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அதற்காகவே அடுத்த மாதம் திரும்பவும் போனேன், அப்புறம் எத்தனை முறை போனேன் என்று எண்ணவில்லை.

கொலோனில் பார்க்கப்போகிற ஊசிக் கோபுரங்களை இங்கே தேடாதே. அது கோதிக் கட்டடப் பாணி, இது அதற்கு முந்தைய ரோமனெஸ்க் பாணி: கனத்த சுவர், அரைவட்ட வளைவு, செம்மணற்கல். 1030 வாக்கில் பேரரசர் இரண்டாம் கொன்ராட் ஆரம்பித்து வைத்தார், 1039இல் அவர் இறந்தபோது வேலை முடியாததால் கட்டிக்கொண்டிருந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1061இல் புனிதப்படுத்திய ஆலயத்தை இருபது வருடம் கழித்து அவருடைய பேரன் நான்காம் ஹைன்ரிஷ் பெரிய அளவில் மாற்றிக் கட்டினார். நடுக்கூடத்தின் தட்டையான மரக்கூரையை எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட 33 மீட்டர் உயரத்தில் கல்லாலேயே கூரை வளைத்தார். அவ்வளவு அகலமான கூடத்துக்கு அப்படிச் செய்யத் துணிந்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. உள்ளே போனதும் தூண் வரிசையைக் கவனி, ஒன்று விட்டு ஒன்று பருத்திருக்கும். கல் கூரையின் பாரம் மூலைகளில் இறங்குகிறது, அந்த இடத்துத் தூண்களுக்கு மட்டும் கூடுதலாகக் கல் சேர்த்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் கூடம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

சரி, நிலவறைக்கு வருகிறேன். அதற்குத் தனியாகச் சின்னக் கட்டணம் உண்டு, தயங்காமல் கொடு. 1041இல் புனிதப்படுத்தியது, உயரம் ஏழு மீட்டர் இருக்கும், பரப்பு சுமார் 850 சதுர மீட்டர். சிவப்பும் மஞ்சளுமாகக் கல் மாறி மாறி வரும் வளைவுகள். தூண்களின் தலையில் பூ இல்லை, இலை இல்லை, வெறும் கனசதுரக் கல், கீழ்ப்பக்கம் மட்டும் வட்டத் தூணோடு சேரும்படி வளைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான் அலங்காரம். என்னைக் கேட்டால் மேலே உள்ளதைவிட இதுதான் அழகு, யாரும் பேசாத நேரத்தில் ஒரு தூணோரமாகப் பத்து நிமிடம் நின்று பார்.

நிலவறையின் முன்பகுதியில் ஹாப்ஸ்பர்க் வம்சத்து அரசர் ருடால்ஃபின் உருவம் செதுக்கிய கல்லறைப் பலகை இருக்கிறது. 1291இல், சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும், தனக்கு முந்தைய அரசர்கள் கிடக்கும் இடத்திலேயே தானும் கிடக்க வேண்டும் என்று குதிரையேறி ஷ்பையருக்கு வந்து இறந்தவர் அவர். நெற்றிச் சுருக்கம், நீண்ட மூக்கு, இறங்கிய வாயோரம் எல்லாம் கல்லில் அப்படியே இருக்கின்றன. அந்தக் காலத்து அரசர் சிலைகளில் முகம் பெரும்பாலும் பொதுவாகத்தான் இருக்கும். இது ஒரு வயதான மனிதரின் முகம்.

அவரோடு சேர்த்து எட்டு அரசர்களும் பேரரசர்களும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். என் மனதை விட்டுப் போகாதவர் அந்த நான்காம் ஹைன்ரிஷ்தான். போப்போடு மோதித் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர், 1077இல் போப் தங்கியிருந்த இத்தாலியக் கோட்டையான கனோசாவுக்குப் போய்ப் பணிந்தவர், கடைசியில் பெற்ற மகனே எதிர்த்து முடியைப் பறித்தான். 1106இல் இன்றைய பெல்ஜியத்தின் லியேஜில் இறந்தபோது அவர்மேல் விலக்கு இருந்ததால் ஆலயத்துக்குள் இடம் இல்லை. வடபக்கம் ஒட்டியிருக்கும் ஆஃப்ரா சிற்றாலயம் அப்போது இன்னும் புனிதப்படுத்தப்படாத கட்டடம், அதில் ஐந்து வருடம் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். தான் வளைத்த கூரைக்கு ஒரு சுவர் தள்ளி! 1111இல்தான் தாத்தா, அப்பா பக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நடுக்கூடத்தின் மேற்குப் பாதி பழசு அல்ல. 1689இல் பிரெஞ்சுப் படை ஊரைக் கொளுத்தியபோது அது இடிந்தது, 1770களில் திரும்பக் கட்டினார்கள். அன்றைய பாணியில் கட்டாமல் பழைய வடிவத்திலேயே கட்டியதுதான் பெரிய விஷயம். முகப்பு 1850களைச் சேர்ந்தது. அதனால் வாசலிலேயே நின்று அளந்துவிடாதே, கிழக்குப் பக்கம் போ, பூங்காவிலிருந்து அந்த அரைவட்டச் சுவரையும் அதன் மேல் ஓடும் குட்டித் தூண் வரிசையையும் பார்த்துவிட்டு உள்ளே வா.

மன்ஹைமிலிருந்து ரயிலில் அரை மணிதான், நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன். ஸ்வெட்டர் எடுத்து வா, வெயில் நாளிலும் நிலவறை சில்லென்று இருக்கும். முதலில் ஆஃப்ரா சிற்றாலயத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம்.

அன்புடன்,
அண்ணன்