நீ நட்ட கூழன்

திருவட்டாறு,
ஆனி 12

அன்புள்ள ராஜனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் போடாதது என் குற்றம்தான். இப்போதும் மனசாட்சி உறுத்தி எழுதவில்லை. உன் பலாமரம் எழுத வைத்துவிட்டது.

1988 மே விடுமுறையில், தேன்வருக்கைக் கொட்டை என்று சத்தியம் செய்து கிணற்றடியில் நீ புதைத்தாயே, சுளை குழகுழவென்றிருக்கும் அந்தக் கூழன் இந்த வருஷம் மூட்டிலிருந்து உச்சாணி வரை 41 சக்கை காய்த்திருக்கிறது. வருக்கைக் கொட்டை போட்டால் கெட்டிச் சுளை வருக்கைதான் முளைக்கும் என்று உறுதியில்லை என அம்மா அன்றே சொன்னாள். நீதான் கணக்கு சாரையே சாட்சிக்கு இழுத்தாய். பிஞ்சாக, இடிச்சக்கைப் பருவத்திலேயே பாதியை வெட்டித் துவரன் கறி வைத்திருக்க வேண்டும். பழுக்கட்டும் என்று ஆசைப்பட்டு விட்டேன். இப்போது நாளுக்கு இரண்டு மூன்றாகத் தொப்பென்று விழுகின்றன.

சிப்ஸ் போடும் வியாபாரி வந்து தட்டிப் பார்த்து, கூழன் என்றதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். பலா தமிழ்நாட்டின் மாநிலப் பழம்; கேரளமும் 2018இல் அதைத் தன் மாநிலப் பழமாக அறிவித்துக்கொண்டது. இரண்டு அரசுகள் சீராட்டும் பழத்தைத் தோளில் சுமந்து போனால், லீலாக்கா வீட்டில் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கிறது. வற்றல் போடலாமென்றால் வெயில் இல்லை. மழைத்தண்ணீர் ஏறிய சுளையில் இனிப்பும் இறங்கிவிட்டது. என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை. நான் ஒருவன் எத்தனை சுளை விழுங்குவேன்?

கடைசியில் பரணிலிருந்து அம்மாவின் உருளியை இறக்கினேன். கூழனுக்குக் கத்தி வேண்டாம், கையாலேயே பிளந்துவிடலாம் என்பது ஒரு சௌகரியம். கொட்டையும், சுளையைச் சுற்றிய சவிணி நாரும் நீக்கிய சுளை ஒன்பது கிலோ வந்தது. அதை வேகவைத்து, நார் தங்கும்படி சல்லடையில் தேய்த்து இறக்கி, நாலு கிலோ வெல்லப்பாகு சேர்த்து விறகடுப்பில் கிண்டத் தொடங்கியபோது காலை எட்டு மணி. முதல் ஒரு மணி நேரம் வெறும் கஞ்சி. பிறகு அது கொதித்துக் குமிழி வெடித்துத் தெறிக்கிறது பார், ஒவ்வொரு துளியும் நெருப்பு. அம்மாவின் வலது முழங்கைக்குக் கீழே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருக்குமே, அவை பிறவி மச்சம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். என் கையில் நாலு கொப்புளம் எழும்பிய பிறகுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் அடுப்பைத் தணித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நண்பகல் தாண்டி நெய் ஊற்ற ஊற்ற நிறம் கறுத்து, துடுப்போடு மொத்தமாகச் சுருண்டு வந்தது. விரலால் உருட்டினால் ஒட்டக்கூடாது என்பாள் அம்மா, ஒட்டவில்லை. சுக்கும் ஏலக்காயும் தூவி இறக்கினேன். சக்கை வரட்டி ஏறக்குறைய ஆறு கிலோ தேறியது. நாரும் நீருமாக எல்லோரும் இகழ்ந்த உன் கூழன் கரைந்த அழகுக்கு எந்த வருக்கையும் ஈடாகாது. இதை உன்னிடம் ஒப்புக்கொள்வது எனக்கு எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். கொட்டைகளைச் செம்மண்ணில் புரட்டி வைத்திருக்கிறேன், ஆவணி வரை கறிக்கு ஆகும்.

இனி எழுத வந்த காரியம். பையன் மரத்தை வெட்டச் சொல்கிறான். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். முற்றிய பலாத்தடிக்கு நல்ல விலையும் உண்டு. அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனாலும் நட்டவன் நீ. உன்னிடம் கேட்காமல் கோடாலி வைக்க எனக்குத் துணிவில்லை. ஓணத்துக்கு முன் பதில் எழுது.

இரண்டு கிலோ வரட்டியைப் பேருந்தில் கொடுத்துவிடுகிறேன். ஈரக் கரண்டி போடாதே, பூசணம் பிடிக்கும். இலையப்பத்துக்கு அரிசிமாவோடு பிசைந்தால் போதும், வெல்லம் சேர்க்க வேண்டாம். தூக்குவாளி அம்மாவுடையது, திரும்பி வரவேண்டும்.

அன்புடன்,
மணி